கூட்டு மாத்திரைத் திறப்பு விழா

ஒரு கடைவாய்ப் பல்லுக்காக இத்தனை பேர் கூடுவார்கள் என்று செல்லப்பா கனவிலும் நினைத்ததில்லை. பந்தல் இருந்தது, குலை தள்ளிய வாழை இருந்தது, ஐந்து திரி போட்ட குத்துவிளக்கு இருந்தது, காதைக் கிழிக்கிற மைக் செட் இருந்தது. பல்லுக்குச் சொந்தக்காரி மட்டும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், சேலைத் தலைப்பைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு, அழுவதற்குக்கூட வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் வசந்தி, அவன் பெண்டாட்டி. கொச்சி ஜூ டவுனில் ஒரு மசாலாச் சரக்குக் கிட்டங்கியில் சுக்குத் தரம் பிரிக்கிறாள். செல்லப்பாவுக்கு மட்டாஞ்சேரிச் சந்தையை ஒட்டிய ஓட்டலில் பரோட்டா மாஸ்டர் வேலை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பல்வலி வந்ததும் வசந்தி அதைச் சட்டை பண்ணவில்லை. கிராம்பு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வேலை செய்கிறவளுக்குக் கிராம்புக்கா பஞ்சம்? இரண்டைக் கடித்து அடக்கிக்கொண்டே சுக்குப் பொறுக்கினாள். கிராம்பு தோற்று, கன்னம் வீங்கி, உடம்பு கொதிக்க ஆரம்பித்த பிறகுதான் புருஷனிடம் சொன்னாள். அதுவும் ஜாடையில். அன்று காலையில் கஞ்சித் தண்ணீரை ஸ்பூனால் வாயோரத்தில் விட்டபோதுதான் செல்லப்பா பயந்து போனான். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே அவன் சுண்டுவிரல்கூட நுழையவில்லை.

பக்கத்தில் இருக்கிறது, பல் டாக்டரும் இருக்கிறார், ஏழைகளுக்கு இனாமாகப் பார்க்கிறார்கள் என்று ஆரோக்கிய சாகரம் தர்ம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த ஆஸ்பத்திரியில் இரண்டாம் மாடி காய்ச்சல் பிரிவு, மூன்றாம் மாடி வலிப் பிரிவு. காய்ச்சலுக்கு டாக்டர் விஸ்வநாத். அவர் வசம் பாரசிட்டமால். வலிக்கு டாக்டர் ஸ்வர்ணலதா. அவர் வசம் ஐபுப்ரோஃபென். பாரசிட்டமால் வலியையும் கேட்கும், ஐபுப்ரோஃபென் காய்ச்சலையும் இறக்கும் என்பது பிள்ளை பெற்ற எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த இரண்டு மாடியிலும் அப்படிப் பேசுவது எல்லை மீறல். காய்ச்சலும் வலியுமாக யாராவது வந்தால், "வலி இருக்கிறதே, மேலே போ" என்பார்கள் இங்கே. "காய்ச்சல் இருக்கிறதே, கீழே போ" என்பார்கள் அங்கே. இப்படிப் படியேறி இறங்கியே பலருக்கு உடம்பு சரியாகிப் போனதால் ஆஸ்பத்திரிக்குக் கைராசி என்று பெயர். அதே சமயம், எதிர்ச் சாரி மருந்துக்கடையில், இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரையைக் கடைக்காரர் மிட்டாய் எடுத்துக் கொடுக்கிற மாதிரி கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே ஒன்றுபட்டதுதான் கூத்தாகிவிட்டது. பல வருஷச் சண்டைக்குப் பிறகு இரு மாடிக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. டெங்கு இல்லை, வயிற்றுப்புண் இல்லை, கிட்னியில் கோளாறு இல்லை என்று பார்த்துக்கொண்டு, இரண்டு மருந்தையும் ஒரே நோயாளிக்கு ஒரே நேரத்தில் கொடுக்கலாம். இதைச் செய்ய ஒரு டம்ளர் தண்ணீர் போதும். ஆனால் கேரளத்தில் ஒரு காரியம் நடந்தது என்று ஆக வேண்டுமானால் உத்காடனம் என்கிற திறப்பு விழா நடக்க வேண்டும். பொதுக் கழிப்பறையாக இருந்தாலும் விளக்கேற்றித் திறந்து வைக்காமல் யாரும் உள்ளே கால் வைக்க மாட்டார்கள், எவ்வளவு அவசரமானாலும்.

விழாவுக்கு எல்லாம் தயார். முதல் பயனாளி மட்டும் கிடைக்கவில்லை. வந்தவர்களுக்குக் காய்ச்சல் இருந்தால் வலி இல்லை, வலி இருந்தால் காய்ச்சல் இல்லை. ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி வெங்கிடேஸ்வரன் வாசலிலேயே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். எந்நேரமும் பந்தி பரிமாறப் போகிறவர் மாதிரி ஒரு பரபரப்பு.

"என்னவாக்கும் அசுகம்?" என்று கேட்டார்.

"பல்வலி சார். காய்ச்சலும் காயுது. அவளுக்கு வாயே தெறக்க முடியல."

"ரெண்டும் உண்டா? சேர்ந்தேவா?"

"ரெண்டுந்தான் சார். வாயி..."

வெங்கிடேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பினார். "குருவாயூரப்பன் கைவிடலை," என்றார். பிறகு வசந்தியின் பக்கம் திரும்பி, "நீங்கோ ஒண்ணும் பயப்படாண்டாம். சிகிச்சை மொத்தமும் இனாம். பல்லெடுக்கறது, மருந்து, கூட ஒரு செட்டுமுண்டுப் புடவை. ஒரு சின்னப் பரிபாடி இருக்கு, விழாதான், அதிலே வந்து உக்காந்தா மதி," என்றார்.

வசந்தி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாய் திறந்தால்தானே.

"நல்ல அடக்கம்," என்று அவர் மெச்சிக்கொண்டார்.

ரத்தம் எடுத்தார்கள். டெங்கு இல்லை என்று வந்தது. நர்ஸ் அம்மு ஒரு அட்டையைக் கொண்டுவந்தாள். சிரிக்கிற முகத்தில் ஆரம்பித்து அழுகிற முகத்தில் முடிகிற வரிசை. ஒவ்வொன்றின் கீழேயும் ஓர் எண். உங்களுக்கு எவ்வளவு வலிக்கிறது, காட்டுங்கள் என்றாள். வசந்தி ஒன்பது விரலை நீட்டினாள்.

"ஒன்பது. பேஷ்," என்றார் வெங்கிடேஸ்வரன். "பத்துன்னா நாடகம்னு சொல்லுவா. எட்டுன்னா போட்டோல எடுபடாது. ஒன்பதுதான் பாந்தம். அம்மு, பரிபாடி முடியற வரைக்கும் இது குறையாம பாத்துக்கோ."

செல்லப்பாவுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம். "கொறையக் கூடாதா சார்?"

"பின்னே? மாத்திரை முழுங்கினப்பறம் குறையணும்னா, முழுங்கறதுக்கு முன்னாடி இருக்கணுமோல்லியோ. அதாக்கும் சயன்ஸ்." சொல்லிக்கொண்டே அவர் பார்வை செல்லப்பாவின் சட்டைப் பையில் நின்றது. உள்ளே மருந்துக்கடை உறை தெரிந்தது. வருகிற வழியில் வாங்கி, டாக்டரைக் கேட்டுக் கொடுக்கலாம் என்று வைத்திருந்த மாத்திரை. வெங்கிடேஸ்வரன் அதை இரண்டு விரலால், செத்த பல்லியை எடுக்கிற மாதிரி எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "வெளி மருந்து இங்கே ஆகாது கேட்டேளா. நோயாளியோட நன்மைக்கு."

விழா பத்து மணிக்கு. ஆஸ்பத்திரியின் புரவலர் வாஞ்சிநாதன்தான் தன் கையால் முதல் மாத்திரையைக் கொடுக்க வேண்டும். அவர் காக்கநாட்டிலிருந்து கிளம்பிவிட்டார் என்று மைக்கில் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து, வந்துகொண்டே இருக்கிறார் என்றார்கள். அப்புறம், தோப்பும்படி நெரிசலில் இருக்கிறார் என்றார்கள். அதற்குப் பிறகு பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

வெயில் ஏறியது. வசந்தியின் வீக்கமும் இடம் மாறியது. காலையில் கன்னத்தோடு நின்றிருந்தது, இப்போது தாடைக்குக் கீழே இறங்கி, சங்கிலி கிடக்கிற இடத்துக்கு மேலே கல் மாதிரி கெட்டியாக நின்றது. எச்சிலை விழுங்க முடியாமல் தலைப்பில் ஒற்றிக்கொண்டாள். செல்லப்பா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான். அனல் அவன் உள்ளங்கையில் அடித்தது. பரோட்டாக் கல்லில் தினம் வேகிற கை அது. அந்தக் கைக்கே சுட்டது.

எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. எங்கே போவது? தெரிந்த வேறு பல் டாக்டர் கேட்கிற பணத்துக்குப் பரோட்டாவை எத்தனை மாசம் வீசுவது? இங்கேயே பல் டாக்டர் இருக்கிறார், விழா முடிந்ததும் பார்த்துவிடுவார். கொஞ்சம் பொறுத்தால் போதும். இந்தக் கொஞ்சம்தான் ஏழையைக் கொல்கிறது என்பது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

"ஏட்டி, இன்னும் செத்த நேரந்தான். தாங்கிக்கிடுவியா?"

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, முடியாது என்றா என்று தெரியவில்லை. அம்மு அட்டையோடு வந்தாள். வசந்தி இந்தத் தடவை பத்து விரலையும் விரித்தாள். அம்முவின் முகம் சுருங்கியது. தூரத்திலிருந்தே வெங்கிடேஸ்வரன், "பத்து எழுதாதே, பேனர்லே ஒன்பதுன்னு அடிச்சாச்சு," என்றார்.

செல்லப்பா முதலில் டாக்டர் விஸ்வநாத்தைப் பிடித்தான். அவர் வசந்தியின் கக்கத்தில் வெப்பமானியை வைத்துப் பார்த்து, மனசு நிறைந்தவராக, "முதல் தரமான காய்ச்சல்," என்றார். வாயைக் கொஞ்சம் பாருங்கள் என்று செல்லப்பா கெஞ்சியதும், "வாய் நம்ம பிரிவில்லை," என்று நகர்ந்தார். டாக்டர் ஸ்வர்ணலதாவோ வசந்தியைப் பார்க்கவே இல்லை. அட்டையைப் பார்த்தார். "ஒன்பதுக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரிய வேண்டாம்," என்றார்.

"பல் டாக்டர் எங்கம்மா இருக்காரு?" என்று அம்முவைக் கேட்டான்.

அவள் தயக்கத்தோடு மேடையைக் காட்டினாள். ஜரிகை வேட்டி கட்டி, மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்தான் டாக்டர் கேசவ். ஆஸ்பத்திரியில் நல்ல குரல் அவருக்குத்தான் என்று விழாவைத் தொகுத்துச் சொல்கிற வேலையை அவரிடம் விட்டிருந்தார்கள்.

செல்லப்பா மேடையின் ஓரத்தில் போய் நின்று கும்பிட்டான். "டாக்டரே, ஒரே ஒரு தடவ வந்து அவ வாயப் பாத்திருங்க. தெறக்கவே மாட்டேங்கு."

கேசவ் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை, சங்கடப்பட்டார். "சேட்டா, இப்போ நான் ஸ்டேஜ்லே நிக்கறேன். எறங்கி வந்து வாய் பாத்தா, பரிபாடிக்கு முன்னாடியே சிகிச்சை தொடங்கிட்டான்னு பிரச்சனை பண்ணுவா. கழிஞ்ச உடனே வரேன், சத்யம்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று கேள்விப்பட்டிருக்கிறான். இங்கே சாமியே மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே என்று செல்லப்பா திரும்பி வந்தான்.

ஒருவழியாகப் புரவலரின் கார் வந்தது. கேமராக்காரர் ஓடினார். ஈசுவரப் பிரார்த்தனை முடிந்தது, விளக்கேற்றினார்கள். ஒவ்வொரு திரிக்கும் ஒரு பிரமுகர். வெங்கிடேஸ்வரன் வரவேற்புரையில், வந்தவர்கள், வர முடியாதவர்கள், வருவதாகச் சொல்லி வராதவர்கள் எல்லாரையும் வரவேற்றார். பயனாளியை வரவேற்க மறந்துவிட்டார். பேச்செல்லாம் மலையாளத்தில்தான். கொச்சிக்கு வந்து இத்தனை காலமான செல்லப்பாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டாக்டர் விஸ்வநாத் எழுந்தார். "பாரசிட்டமாலை நான் ஒரு மகளைப் போல வளர்த்தேன். என் மாடியைத் தாண்டி அதைப் போக விட்டதில்லை. வலியில் துடித்தவர்கள் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை. அழுதார்கள், அப்போதும் கொடுக்கவில்லை. அந்தக் கட்டுப்பாடுதான் என் பிரிவின் பெருமை. இன்று, பெண்ணைக் கல்யாணம் பண்ணிக் கொடுக்கிற தகப்பனின் மனசோடு இந்த மேடையில் நிற்கிறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். காய்ச்சல் பிரிவு கைதட்டியது. அவர்கள் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள், பெண் வீட்டார் மாதிரி.

இடப்பக்கத்துக் கைதட்டலோடு டாக்டர் ஸ்வர்ணலதா எழுந்தார். "எங்கள் ஐபுப்ரோஃபென் வயிற்றைக் கடிக்கும் என்று இங்கே சிலர் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் கடிக்கத்தான் செய்யும். ஆகவே ஒப்பந்தப்படி பயனாளிக்கு முதலில் ஆகாரம் கொடுக்க வேண்டும். ஆகாரம் எந்த மாடியின் பொறுப்பு என்பது மட்டும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. இரண்டு மருந்தும் உடம்பில் வெவ்வேறு வழியில் வேலை செய்கின்றன, சேர்ந்தால் பலன் கூடும் என்று எங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். ஆனால் யார் முதலில் சொல்வது என்பதில்தான் இவ்வளவு வருஷம் ஆகிவிட்டது. அத்தனை காலமும் நோயாளிகள் படிக்கட்டில் காத்திருந்தார்கள். அவர்களுடைய பொறுமைதான் இந்த ஆஸ்பத்திரியின் அஸ்திவாரம்."

செல்லப்பா அஸ்திவாரத்தைப் பார்த்தான். வசந்தி முன்னால் சரிந்து, முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். மூச்சோடு ஒரு சத்தம் வந்தது. உறங்குகிறவர்களின் குறட்டை மாதிரி. ஆனால் அவள் விழித்திருந்தாள். அவள் கண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. இருபது வயசிலிருந்து பார்த்த கண். அதில் அவன் இதுவரை காணாத ஒரு பயம் இருந்தது.

புரவலர் பேசினார். "தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று எங்கள் வீட்டில் தமிழில் சொல்வார்கள். எனக்குத் தலைவலி வரும். வந்தால் நம் ஆஸ்பத்திரிக்கு வருவேனா? மாட்டேன். டிரைவரை அனுப்பி எதிர்க்கடையில் ஒரு மாத்திரை வாங்கிவரச் சொல்வேன். இரண்டு மருந்தும் அதிலேயே இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போட்டால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். அந்த பாக்கியம் ஏழைகளுக்கும் கிடைக்க வேண்டாமா? அதனால்தான் இந்த ஆஸ்பத்திரியை எதிர்க்கடை அளவுக்கு உயர்த்த வேண்டும் என்று பாடுபட்டேன்." பந்தல் அதிர்ந்தது.

வாழ்த்துரை சொல்ல இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லாரும் சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு நீளமாகப் பேசினார்கள். செல்லப்பா ஒவ்வொரு கைதட்டலுக்கும் எழுந்து, முடிந்தது என்று நினைத்து, மறுபடியும் உட்கார்ந்தான்.

கடைசியில் வெள்ளித் தட்டு வந்தது. வசந்தியை இரண்டு பேர் தாங்கி மேடையேற்றினார்கள். "தன்னடக்கத்தின் வடிவமான நமது முதல் பயனாளி," என்று கேசவ் மைக்கில் முழங்கினார். டாக்டர் விஸ்வநாத் வலப்பக்கத்திலிருந்து ஒரு பாரசிட்டமாலைத் தட்டில் வைத்தார். டாக்டர் ஸ்வர்ணலதா இடப்பக்கத்திலிருந்து ஒரு ஐபுப்ரோஃபெனை வைத்தார். இரண்டுக்கும் நடுவில், புரவலர் ஒரு வெல்வெட் பெட்டியைத் திறந்து, தர்மத்தின் சார்பில் மூன்றாவதாக ஒரு மாத்திரையை வைத்தார். கேமராக்காரர் மூன்றையும் கிட்டே வந்து எடுத்தார்.

தண்ணீர் டம்ளரோடு நின்ற அம்மு தயங்கினாள். "சார், நடுவிலே இருக்கறது கூட்டு மாத்திரையாணு. அதுலேயே ரெண்டும் உண்டு. மூணையும் சேத்துக் குடுத்தா எல்லாம் ரெட்டிப்பாப் போகும். இப்படி ரெட்டிப்பாவே குடுத்துட்டுப் போனா ஈரலுக்கு ஆகாது, வயித்துக்கும் ஆகாது."

யாராவது ஒருவர் தன் மாத்திரையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் விஸ்வநாத், மகளைக் கல்யாண மேடையிலிருந்து எழுப்பிக்கொண்டு போகிற வழக்கம் தங்களிடம் இல்லை என்றார். டாக்டர் ஸ்வர்ணலதா, எடுப்பதென்றால் வலப்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கட்டும் என்றார். புரவலர், காக்கநாட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்து மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு போவதா என்று முகத்தால் கேட்டார்.

வெங்கிடேஸ்வரன்தான் வழி கண்டார். "மூணும் இருக்கட்டும்னு வெப்போம். ஈரலுக்குன்னு ஒரு தனிப் பிரிவு தொடங்கிட்டா என்ன? நாலாம் மாடி காலியாத்தானே கிடக்கு."

"அதுக்கும் ஒரு உத்காடனம் வெச்சுக்கலாம்," என்றார் புரவலர். எல்லாருக்கும் நிம்மதியாயிற்று. தட்டு வசந்தியின் முகத்துக்கு நேரே வந்தது. புரவலர் மாத்திரையை எடுத்து நீட்டினார். கேமராக்காரர், "சேச்சி, வாயைத் திறந்து, கொஞ்சம் சிரிச்சு," என்றார்.

வசந்தி வாயைத் திறக்கவில்லை. புரவலரின் கை நீட்டியபடியே நின்றது. அவள் உதட்டோரத்திலிருந்து எச்சில் நூலாக வழிந்து வெள்ளித் தட்டில் விழுந்தது.

செல்லப்பா மேடையேறியது அவனுக்கே தெரியாது. கேசவின் பக்கத்தில், மைக்குக்கு எதிரே போய் நின்றிருந்தான். அவன் கத்தவில்லை. ஆனால் அவன் சொன்னது சந்தை வரைக்கும் கேட்டது.

"எந்த மாத்திரையா இருந்தா என்ன சார், எப்படி முழுங்குவா? வாய்தான் தெறக்கலியே. காலையிலருந்து ஒவ்வொருத்தர்கிட்டயா சொல்லிட்டு வாரேன். ஒருத்தராச்சும் அவ வாயப் பாத்தீங்களா?"

மைக் செட்டுக்காரர் பழக்கத்தில் கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் கேசவ் மைக்கைக் கீழே வைத்தார். அம்முவின் கையிலிருந்து டார்ச்சை வாங்கி, வேட்டியோடு மண்டியிட்டு, வசந்தியின் தாடைக்கு அடியில் விரலால் தொட்டுப் பார்த்தார். உதட்டை விலக்கி வெளிச்சம் அடித்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. அவருடைய பேர்போன குரல் இப்போது அருகில் நிற்கிறவனுக்கே கேட்கவில்லை.

"நாக்குக்கு அடியிலே சீழ் எறங்கிடுத்து. கழுத்துக்குப் போறது. மூச்சை அடைச்சுடும். இங்கே ஆகாது, எர்ணாகுளம் பெரிய ஆஸ்பத்திரிக்கு இந்த நிமிஷம் போகணும். ஆம்புலன்ஸ் எங்கே?"

ஆம்புலன்ஸ் பந்தலுக்குப் பக்கத்திலேயே நின்றது. புத்தம் புதியது, மாலை போட்டு, முன்னால் இரண்டு கம்பம் நட்டு, குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. நிகழ்ச்சி நிரலில் கூட்டு மாத்திரைக்கு அடுத்தது ஆம்புலன்ஸ் உத்காடனம்.

"ரிப்பன் வெட்டாம வண்டி எடுக்கப்படாது," என்றார் வெங்கிடேஸ்வரன். "உத்காடனம் ஆகாத வண்டி ரெக்கார்டுலே வண்டியே இல்லை கேட்டேளா. சார், ஒரு நிமிஷம் அப்படி வந்து வெட்டிடுங்கோ."

புரவலர் தயாராகத்தான் இருந்தார். கையை நீட்டினார். கத்திரிக்கோல் இல்லை. வெள்ளிக் கத்திரிக்கோல் அவருடைய காரில் இருந்தது. காரை நிறுத்த இடமில்லாமல் டிரைவர் கப்பலண்டிமுக்குப் பக்கம் கொண்டுபோய் விட்டிருந்தார். போன் போட்டார்கள். வந்துகொண்டே இருக்கிறார் என்றார்கள். வேறு கத்திரிக்கோல் ஆஸ்பத்திரியில் இல்லையா என்று அம்மு கேட்டாள். ஆபரேஷன் கத்திரிக்கோலால் ரிப்பன் வெட்டுவது சுகாதார விதிக்கு விரோதம் என்று டாக்டர் விஸ்வநாத் சொன்னார். டாக்டர் ஸ்வர்ணலதா முதல்முறையாக அவரோடு ஒத்துப்போனார்.

செல்லப்பா ரிப்பனைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு ரிப்பன். அதைத் தாண்டி ஒரு வண்டி. அதற்குள் போனால் அவள் பிழைப்பாள். ஆனால் இத்தனை வேட்டி சட்டைக்கு நடுவில் ஒரு பரோட்டாக்காரன் அதைத் தொடலாமா என்று ஒரு நொடி நினைத்தான் பாருங்கள், அந்த ஒரு நொடிக்காக அவன் பின்னால் தன்னையே ரொம்ப நாள் திட்டிக்கொண்டான்.

அவன் யோசித்து முடிப்பதற்குள் வசந்தி எழுந்துவிட்டாள். தாங்கிப் பிடித்த கைகளை உதறினாள். மேடைப் படியைத் தட்டுத் தடுமாறி இறங்கி, ரிப்பனை இரண்டு கையாலும் பிடித்தாள். சுக்கு மூட்டையைத் தரதரவென்று இழுக்கிற கை. ஒரே இழுப்பு. ரிப்பன் அறுபடவில்லை, ஒரு பக்கத்துக் கம்பமே பிடுங்கிக்கொண்டு சாய்ந்தது.

பந்தலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து கைதட்டினார்கள். ரிப்பன் விழுந்தால் தட்டுவதுதானே வழக்கம். மைக் செட்டுக்காரர் நாதஸ்வரத்தைப் போட்டார். கேமராக்காரர் படம் எடுத்தார்.

டாக்டர் கேசவ் அவளைத் தூக்கி வண்டிக்குள் உட்கார வைத்தார். படுக்க விடவில்லை, உட்கார்ந்தால்தான் மூச்சுக்கு நல்லது என்று முதுகைத் தாங்கிக்கொண்டார். அம்முவும் ஏறிக்கொண்டாள். வண்டி கிளம்பியபோது பின்னால் வெங்கிடேஸ்வரனின் நன்றியுரை ஆரம்பித்திருந்தது. தோப்பும்படிப் பாலத்தில் வண்டி சிக்கிக்கொண்டு அலறியது. செல்லப்பா வசந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஊரிலுள்ள தெய்வங்களையெல்லாம் ஒன்று விடாமல் கூப்பிட்டான். அவள் விரல் அவன் விரலை நெரித்தது. நெரிக்கிற வரைக்கும் உயிர் இருக்கிறது என்று அந்த வலியை அவன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் வாழைமரம் இல்லை. கழுத்துக்கு அடியில் கீறிச் சீழை வெளியேற்றினார்கள், அந்தப் பல்லையும் பிடுங்கினார்கள். வசந்தி பிழைத்தாள். தூக்கம் கலையாத கண்ணோடு ஒரு சின்னப் பெண் டாக்டர் வந்து, அம்மு கொடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து, வயிற்றுப்புண் உண்டா, கிட்னிக்கு ஏதாவது பிரச்சனை உண்டா என்று செல்லப்பாவைக் கேட்டாள். இல்லை என்றதும், வலிக்கும் காய்ச்சலுக்கும் இரண்டு மருந்தையும் சேர்த்தே ஊசி வழியாக ஏற்றச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான். யாராவது பேசுவார்கள் என்று செல்லப்பா கொஞ்ச நேரம் எழுந்தே நின்றான்.

மறுநாள் வெங்கிடேஸ்வரன் போன் பண்ணினார். படம் பிரமாதமாக வந்திருக்கிறது என்றார். ஒரு சாதாரணத் தொழிலாளிப் பெண்ணைக் கொண்டே ஆம்புலன்ஸைத் திறக்க வைத்த புரவலரின் எளிமையைப் பற்றி ஊரெல்லாம் பேச்சாம்.

"ஒரே ஒரு கார்யம் பாக்கி," என்றார். "ரெக்கார்டுலே மாத்திரைக்கு முன்னாடி ஒன்பதுன்னு இருக்கு. பின்னாடி எவ்வளவுன்னு காலியா கிடக்கு. அவாகிட்டே கேட்டு ஒரு நம்பர் சொன்னா மதி. முடிச்சுடலாம்."

செல்லப்பா போனை வசந்தியின் காதில் வைத்தான். அவள் கேட்டாள். இரண்டு நாளாக மூடியிருந்த வாய். பஞ்சைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"எனக்கு ரெண்டுன்னு எழுதிக்கிடுங்க. ஒங்க ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஒன்பதுதான். அது எந்த மாத்திரைக்கும் கொறையாது."

அந்தப் பக்கத்தில் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது.

"ரெண்டு. பேஷ்," என்றார் வெங்கிடேஸ்வரன். மீதியை எழுத ரெக்கார்டில் இடமில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.